டாக்டர் எழுதியது 62.5, கடையில் இருப்பது 50-ம் 25-ம்

கேள்வி இது: அம்மாவுக்கு 64 வயது. தைராய்டு குறைவுக்காகத் தினம் 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் சாப்பிட்டு வந்தார். போன வாரம் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் அதை 62.5 ஆகக் கூட்டினார். ஊரில் இருக்கும் மூன்று மருந்துக்கடையிலும் 62.5 இல்லை. 25, 50, 75, 100 இருக்கின்றன. ஒரு கடைக்காரர் ‘75 கொடுங்க, பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லை’ என்கிறார். பழைய 50-ஐயே தொடரலாமா, 75 வாங்கிவிடலாமா, உடைத்துக் கொடுக்கலாமா?

முதலில் பதில். 75 வேண்டாம். 62.5-க்கும் 75-க்கும் இடையில் 12.5 தானே என்று தோன்றும். ஆனால் எழுதிய அளவைவிட அது ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தைராக்ஸின் கூடினால் நெஞ்சுப் படபடப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாவது, நாளடைவில் எலும்பு தேய்வது என்று தொந்தரவுகள் வரும். வயதானவர்களுக்கு டாக்டர்கள் 12.5, 12.5 ஆக மெதுவாக ஏற்றுவது இதற்காகத்தான். அந்த நிதானத்தைக் கடையில் வைத்துக் கலைத்துவிடக் கூடாது.

62.5 என்றே மாத்திரை வருகிறது. தைரோநார்ம் போன்ற பிராண்டுகளில் 12.5-ல் தொடங்கி 25, 50, 62.5, 75, 88, 100, 112, 125, 137, 150 வரை இருக்கிறது. கடைக்காரரிடம் வரவழைக்கச் சொன்னால் பெரும்பாலும் ஓரிரு நாளில் வந்துவிடும். அதுவரை பழைய 50-ஐக் கொடுங்கள். இந்த மருந்தில் இரண்டு மூன்று நாள் தாமதத்தால் எதுவும் கெட்டுவிடாது.

வரவழைக்கவே முடியாது என்றால் இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் டாக்டரிடம் ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டே செய்யுங்கள். ஒன்று, முழு 50-உடன் 25-ல் பாதி. இன்னொன்று, ஒரு நாள் 50, மறுநாள் 75. பதினான்கு நாளில் மொத்தம் 875 மைக்ரோகிராம் போகும். தினம் 62.5 சாப்பிட்டாலும் பதினான்கு நாளில் அதே 875 தான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிக் கொடுப்பது தைராக்ஸினில் எடுபடுவதற்குக் காரணம், அது உடம்பில் வெகுநேரம் தங்கும் மருந்து. இன்று சாப்பிட்டது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் ஒரு நாள் கொஞ்சம் கூடி, மறுநாள் கொஞ்சம் குறைந்தாலும் ரத்தத்தில் அளவு அதிகம் ஆடாது. இதை எல்லா மருந்துக்கும் விதியாக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிடும் பிபி மாத்திரையையோ வலிப்பு மாத்திரையையோ இப்படி ஒருநாள் அதிகம், ஒருநாள் குறைவு என்று கொடுத்தால், குறைந்த நாளில் பிபி ஏறும், வலிப்பு வரும். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் அசிட்ராம், வார்ஃபரின் மாத்திரைகளை டாக்டர்களே ஒருநாள் 2 மி.கி., மறுநாள் 3 மி.கி. என்று எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்த்துப் பார்த்து அளவைப் பிடிக்கிறார்கள். நாமாகச் செய்கிற வேலை அல்ல அது.

உங்கள் அம்மாவுக்கு இந்த இரண்டு வழியில் நான் 50-உடன் பாதி 25-ஐத்தான் சொல்வேன். தினமும் ஒரே மாதிரி இருந்தால் மறதி குறையும். மாற்றி மாற்றிக் கொடுப்பவர்கள் ‘ஒற்றைப்படைத் தேதிக்கு 75, இரட்டைப்படைக்கு 50’ என்று வைத்துக்கொள்வார்கள். 31-ம் தேதியும் ஒற்றைப்படை, அடுத்த நாள் 1-ம் தேதியும் ஒற்றைப்படை. தைராக்ஸினில் அந்த ஒரு நாள் இடிக்காது, வேறு மருந்தில் இடிக்கும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் பலரும் யோசிப்பதில்லை. 125-ஐ இரண்டாக உடைத்தாலும் 62.5 தானே வரும்? வரும். ஆனால் எந்தக் கையும் மாத்திரையைச் சரிபாதியாக உடைக்காது. பத்து சதவீதம் பிசகினால் 125-ன் ஒரு துண்டில் 68.75-ம் இன்னொன்றில் 56.25-ம் போய்விடும். அதே பத்து சதவீதப் பிசகு 25-ல் வந்தால் 13.75, 11.25. முழு 50-உடன் சேர்த்தால் மொத்தம் 63.75 அல்லது 61.25. கிட்டத்தட்ட சரியான அளவு. ஆகவே உடைத்தே தீர வேண்டும் என்றால் சிறிய அளவு மாத்திரையை உடையுங்கள், பெரியதை முழுசாகக் கொடுங்கள். உடைத்த இரண்டு பாதியையும் அடுத்தடுத்த நாளில் கொடுத்துவிட்டால் இன்றைய பிசகு நாளைக்குச் சரியாகிவிடும்.

புட்டியில் உள்ள மாத்திரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உடைத்து வைக்காதீர்கள். தைராக்ஸின் வெளிச்சத்துக்கும் ஈரத்துக்கும் சூட்டுக்கும் பயந்த மருந்து. ஒன்றை உடையுங்கள், ஒரு பாதியைக் கொடுங்கள், மறுபாதியை நாளைக்கு அதே புட்டியில் மூடி வையுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில் அந்தப் புட்டி இருக்கக் கூடாது. 50-ம் 25-ம் ஒரே கம்பெனியுடையதாக இருப்பதும் நல்லது.

சரி, உங்கள் கேள்வி இதோடு முடிந்தது. ஆனால் இதே குழப்பம் தினமும் வேறு வேறு மருந்தோடு எங்கள் கவுன்ட்டருக்கு வருகிறது. மருந்தாளுநராக இருபது வருடத்துக்கு மேல் நின்ற இடத்திலிருந்து மீதியையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் ஒருவருக்காவது பயன்படும்.

நம் ஊர் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று எழுதுவார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. அந்த ‘ஒன்று’ என்பது மாத்திரையின் எண்ணிக்கை, மருந்தின் அளவு அல்ல. மாத்திரையின் அளவு மாறினால் எண்ணிக்கையும் மாற வேண்டும். நோயாளியின் மனதில் பதிந்திருப்பதோ எண்ணிக்கை மட்டும்தான். ஒரு பெரியவருக்குத் தைராக்ஸின் 100 வேண்டும். கடையில் இல்லாததால் 50 புட்டியைக் கொடுத்து, தினம் இரண்டு என்று சொல்லி அனுப்பினோம். நான்கு மாதம் கழித்து 100 வந்தது, அதைக் கொடுத்தோம். அவர் வழக்கப்படி இரண்டு இரண்டாகவே சாப்பிட்டார். கை நடுக்கம், தூக்கமில்லை, எடை இறங்குகிறது என்று திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. மூடி ஒரே நிறம், புட்டி ஒரே அளவு. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மாற்றிக் கொடுத்தபோது நாங்கள் புட்டியின் மேல் பெரிதாக ‘இனி ஒன்று மட்டும்’ என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். அன்றிலிருந்து நான் ஒட்டாமல் கொடுப்பதில்லை.

அதனால் வீட்டில் ஒரு நோட்டில் மருந்தின் பெயரோடு மி.கி. அளவை எழுதி வையுங்கள். ‘அம்லோடிபின், காலையில் 5 மி.கி.’ என்று இருக்கட்டும், ‘பிபி மாத்திரை ஒன்று’ என்று வேண்டாம். கடையில் 2.5 மட்டும் இருந்தால் இரண்டு என்பதும், 10 மட்டும் இருந்தால் பாதி என்பதும் அந்த ஒரு வரியிலிருந்தே தெரிந்துவிடும். வேண்டிய அளவை ஒரு மாத்திரையில் உள்ள அளவால் வகுத்தால் எத்தனை மாத்திரை என்று கிடைக்கும். கணக்கு அவ்வளவுதான். ஆனால் வகுக்கும் முன் இரண்டும் ஒரே அலகில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1 மி.கி. என்பது 1000 மைக்ரோகிராம். ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் என்று எழுதியிருக்கும், கடையில் எளிதாகக் கிடைப்பது 5 மி.கி. மாத்திரை. 400 மைக்ரோகிராம் என்றால் 0.4 மி.கி. அதை 5-ஆல் வகுத்தால் 0.08 மாத்திரை வருகிறது. கால் மாத்திரைக்கும் கீழே விடை வந்தால், கையில் இருப்பது தவறான மாத்திரை என்று அர்த்தம். ஒரு வேளைக்கு ஐந்தாறு மாத்திரைக்கு மேல் வந்தாலும் அப்படித்தான், நிறுத்தி ஒரு தரம் கேளுங்கள். (சில கர்ப்பிணிகளுக்கு டாக்டர் வேண்டுமென்றே 5 மி.கி. எழுதுவார். அதை யாரும் குறைத்துவிடக் கூடாது.)

கணக்கு சரியாக வந்தும் மருந்து தப்பாகிப் போகும் இடம், கூட்டு மாத்திரைகள். இதில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். ஆக்மென்டின் 625 எழுதியிருக்கிறது, கடையில் 375 இருக்கிறது. 625 என்பது 500 அமாக்ஸிசிலினும் 125 கிளாவுலானிக் ஆசிடும் சேர்ந்தது. 375 என்பது 250-ம் 125-ம். இரண்டு 375 போட்டால் அமாக்ஸிசிலின் 500 சரியாக வந்துவிடும், கிளாவுலானிக் ஆசிட் மட்டும் 250 ஆகிவிடும். அந்தக் கூடுதல்தான் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். பெயரில் இருக்கும் எண் இரண்டு மருந்தின் கூட்டுத்தொகை என்பதை மறந்தால் இப்படித்தான். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் சின்டோபாவில் 110 என்றால் 100 லெவோடோபா, 10 கார்பிடோபா. 125 என்றால் அதே 100 லெவோடோபா, ஆனால் 25 கார்பிடோபா. 110-க்குப் பதில் 125 கொடுத்தால் லெவோடோபா அதே அளவுதான், கார்பிடோபா மட்டும் இரண்டரை மடங்காகும். கோ-ட்ரைமாக்ஸசோல் என்ற ஆன்டிபயாடிக்கில் இந்தத் தொல்லை இல்லை. சாதா மாத்திரையில் 400-ம் 80-ம், டிஎஸ் (இரட்டை அளவு) மாத்திரையில் 800-ம் 160-ம். சாதா இரண்டு போட்டால் அப்படியே ஒரு டிஎஸ். விகிதம் மாறாத கூட்டு மாத்திரையை மட்டுமே இரட்டிப்பாக்கவோ பாதியாக்கவோ முடியும்.

பிபி மாத்திரையிலும் இதே கதைதான். டெல்மிசார்டான் 40-ம் அம்லோடிபின் 5-ம் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு டெல்மிசார்டானை மட்டும் 80 ஆக்கச் சொன்னால், அதே மாத்திரையை இரண்டாகப் போடக் கூடாது. அம்லோடிபினும் 10 ஆகிவிடும், கால் வீங்கும்.

அட்டையில் இரண்டு எண் இருந்தாலும் அது கூட்டு மாத்திரையாகத்தான் இருக்கும் என்று இல்லை. மெட்டோப்ரோலால் எக்ஸ்எல் 25 வாங்கினால் அட்டையில் 23.75 என்று சிறிய எழுத்தில் இருக்கும். ‘குறைச்சுக் கொடுத்துட்டீங்க’ என்று சண்டைக்கே வந்திருக்கிறார்கள். 23.75 மி.கி. சக்சினேட் உப்பு, 25 மி.கி. டார்ட்ரேட் உப்புக்குச் சமம், அவ்வளவுதான். கால்சியம் மாத்திரையில் 1250 மி.கி. கால்சியம் கார்பனேட் என்று போட்டிருக்கும், அதில் கால்சியம் மட்டும் 500. டாக்டர் எழுதும் 500 இந்த 500 தான். 1250-ஐப் பார்த்துவிட்டு இரண்டரையாக உடைக்கப் பார்க்காதீர்கள்.

அப்புறம், எதை உடைக்கலாம் என்பது. நடுவில் கோடு இருந்தால் பெரும்பாலும் உடைக்கலாம். ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம், சில மாத்திரையில் அந்தக் கோடு சும்மா அழகுக்கு. பாதியாக உடைக்கத்தான் கோடு என்றால் பாதிகள் ஏறக்குறைய சமமாக விழ வேண்டும். ஐரோப்பிய மருந்து நூலில் இதற்கு ஒரு சோதனை உண்டு. முப்பது மாத்திரையை உடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டை எடுத்து எடை போட வேண்டும். சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகியது ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, 25 சதவீதத்துக்கு மேல் விலகியது ஒன்றுகூட இருக்கக் கூடாது. கம்பெனியின் தரமான மாத்திரைக்கே இவ்வளவு இடம் விடுகிறார்கள் என்றால், சமையலறைக் கத்தியால் கோடில்லாத மாத்திரையை நாலாக வெட்டுவது எப்படி இருக்கும் என்று பாருங்கள். பாதி சரி, கால் துண்டு வேண்டாம். உடைக்க மாத்திரை வெட்டி என்று ஒரு சின்ன பெட்டி கிடைக்கிறது, விலை அதிகமில்லை. இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்ஸின் போல அளவு கொஞ்சம் கூடினாலே ஆபத்தான மருந்தில் 0.25-ஐப் பாதியாக்கச் சொல்லியிருந்தால், அந்த வெட்டி இல்லாமல் செய்யாதீர்கள்.

உடைக்கவே கூடாதவை: கேப்ஸ்யூல்கள், குடலில் போய்க் கரைய வேண்டும் என்று பூச்சு போட்ட மாத்திரைகள், பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், சிஆர், ஈஆர், எக்ஸ்எல் என்று ஒட்டியிருக்கும் மெதுவாகக் கரையும் மாத்திரைகள். ஈகோஸ்பிரின் 75-ம் 150-ம் பூச்சு போட்டவை. 75 வேண்டியவருக்கு 150-ஐப் பாதியாக்கினால் பூச்சு போய்விடும், வயிற்றைக் காக்க அதைப் போட்டதே வீண். மாறாக, 150 வேண்டியவர் 75 இரண்டு போடுவதில் ஒரு தவறும் இல்லை. மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைத்தாலோ நசுக்கினாலோ, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வர வேண்டிய மருந்து ஒரே அடியாக ரத்தத்தில் இறங்கும். விதிவிலக்காக மெட்டோப்ரோலால் எக்ஸ்எல்-ஐச் சில கம்பெனிகள் கோடு போட்டே தருகின்றன. அதைப் பாதியாக உடைக்கலாம், மெல்லவோ நசுக்கவோ கூடாது.

சர்க்கரைக்காரர்கள் இந்த இடத்தைக் கவனியுங்கள். தனியார் டாக்டர் மெட்ஃபார்மின் எஸ்ஆர் 1000, இரவு ஒன்று என்று எழுதியிருப்பார். பிறகு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021 ஆகஸ்டிலிருந்து வீடு தேடி வரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலோ மாத்திரை வாங்கத் தொடங்குவார்கள். நல்ல விஷயம், மாதாமாதம் பணம் மிச்சம். ஆனால் அங்கே சாதா 500 கிடைத்தால், இரண்டையும் சேர்த்து இரவிலேயே போட்டுவிடக் கூடாது. மி.கி. கணக்கு பொருந்தினாலும் மாத்திரையின் வகை மாறிவிட்டது. சாதா மெட்ஃபார்மினைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று சாப்பாட்டோடு பிரித்துத்தான் கொடுப்பார்கள். பழைய சீட்டை அங்கே இருக்கும் டாக்டரிடமோ செவிலியரிடமோ காட்டினால் எழுதித் தருவார்கள்.

மெத்தோட்ரெக்ஸேட்டைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது. மூட்டு வாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கும்போது அது வாரம் ஒருமுறை மட்டும். 15 மி.கி. என்றால் 2.5-ல் ஆறு, அல்லது 7.5-ல் இரண்டு, அல்லது ஒரு 10-ம் ஒரு 5-ம். ஆறு மாத்திரையா என்று பயந்து நாளைக்கு ஒன்றாகப் பிரித்துச் சாப்பிட்டவர்களும் உண்டு, 2.5 என்று நினைத்து 10-ல் ஆறு எடுத்தவர்களும் உண்டு. இரண்டும் உயிருக்கே ஆபத்து. வெள்ளை அணுக்கள் சரிந்து, வாயெல்லாம் புண்ணாகி வந்து நிற்பார்கள். பிரிட்டனில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கப் பொதுவாக 2.5 ஒன்றையே கொடுக்கிறார்கள். நீங்களும் ஒரே அளவில் வாங்குங்கள், இரண்டு அளவையும் வீட்டில் சேர்த்து வைக்காதீர்கள். எந்தக் கிழமை என்பதையும் அட்டையின் மேலேயே எழுதுங்கள். இதை உடைக்கவும் கூடாது.

பிரெட்னிசோலோன் மாதிரி படிப்படியாக இறக்கும் மருந்திலும் ஒரே அளவில் வாங்குவதுதான் நிம்மதி. 40, 30, 20, 10 என்று ஐந்தைந்து நாள் எழுதியிருந்தால், 10 மி.கி. மாத்திரை ஐம்பது. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று குறைத்துக்கொண்டே வரலாம். 40-ல் ஐந்து, 20-ல் பத்து என்று கலந்து வாங்கினால், மூன்றாவது நாளே எந்த அட்டை எதற்கு என்று தெரியாமல் போகும்.

குழந்தைகளின் சிரப்பிலும் ஒரு வரி. பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மி.கி. இருப்பதும் உண்டு, 250 இருப்பதும் உண்டு. சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100. குழந்தைக்கு 150 மி.கி. வேண்டுமென்றால் முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. ‘போன தடவை 6 மில்லி கொடுத்தோம்’ என்ற ஞாபகத்தில் சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால் 600 மி.கி., நாலு மடங்கு.

இனி கடைக்காரர் விஷயம். அவர் கெட்ட எண்ணத்தில் 75 சொல்லியிருக்க மாட்டார், உங்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் சொல்லியிருப்பார். ஆனால் 1945-ம் வருட மருந்து விதிகளில் 65-ம் விதி, ஷெட்யூல் ஹெச் (டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியல்) மருந்துச் சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது என்கிறது, அதில் அதே மருந்து இருந்தாலும் சரி. சட்டம் இருக்கட்டும், உங்களுக்கு இது நடைமுறையிலும் உதவும். ‘62.5 கிடைக்கவில்லை, 50-உடன் அரை 25 கொடுக்கலாமா’ என்று டாக்டரிடம் கேட்டு, அதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் வேறு கடைக்குப் போனாலும் யாரும் குழம்ப மாட்டார்கள். எழுதும்போது ‘½ மாத்திரை’ என்று மட்டும் இல்லாமல் ‘25-ல் ½’ என்று இருக்க வேண்டும்.

அம்மாவுக்கு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. அப்புறம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் நான்கு மணி நேரம் தள்ளி. புதிய அளவு தொடங்கி ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்கச் சொல்வார்கள், அதற்கு முன்னால் பார்த்தால் சரியான நிலவரம் தெரியாது. அன்று காலை ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரையைக் கொடுங்கள். டாக்டரிடம் போகும்போது இரண்டு புட்டியையும் பையில் எடுத்துப் போய், எப்படி உடைத்துக் கொடுத்தீர்கள் என்று காட்டுங்கள்.